மகளுக்கு ‘கமலா’ என்று பெயர் வைத்தால் ரொம்பப் பழசாக இருக்குமா?

பழசுதான், ஆனால் தாராளமாக வைக்கலாம் என்பேன். வகுப்பில் நாலு பேர் ஷ, ஹ கலந்த ஒரே மாதிரிப் பெயரோடு உட்கார்ந்திருக்கும்போது இந்த மூன்றெழுத்து தனியாகத் தெரியும்.

எங்கள் திருவாரூர்ப் பக்கம் இது வெறும் பாட்டிப் பெயர் இல்லை. தியாகராஜர் கோயிலுக்குள்ளேயே தனிச் சன்னதியில் கால் மேல் கால் போட்டு யோக நிலையில் உட்கார்ந்திருக்கும் கமலாம்பாள், வெளியே கமலாலயக் குளம், அதே ஊரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் அவள்மீது பாடிய நவாவரணக் கீர்த்தனைகள் என்று ஊரே அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அப்புறம் 2020இல் கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபராக ஜெயித்தபோது, அவர் தாய்வழித் தாத்தாவின் ஊரான மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்துக் கோலம் போட்டதில், பேத்தி வயசுக்காரர்களுக்கும் பெயர் பழகிவிட்டது. (அரசியல் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு கதை.)

குறை இல்லாமல் இல்லை. பள்ளியில் ‘கமலா ஆரஞ்சு’ என்று யாராவது ஒருத்தன் கண்டிப்பாகக் கிண்டல் செய்வான். வடக்கே போனால் ‘கம்லா’ ஆக்கிவிடுவார்கள். சான்றிதழில் எழுத்துப்பிழை வர வாய்ப்பு குறைவு, அது லாபம்.

ஒன்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் மாமியார் பெயரும் கமலாவா? அப்படியானால் மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது என்று நீங்களே ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடப் போகிறீர்கள், அது பத்தாம் வகுப்பு வரைக்கும் ஒட்டிக்கொள்ளும்.