ஃபேஸ்புக் வழக்கில் அமெரிக்காவில் சிலருக்கு 400 டாலர் வந்ததாம், சிலருக்கு 30 டாலர்தானாம். ஏன்?

இரண்டும் வேறு வேறு வழக்குகள். கிளாஸ் ஆக்‌ஷன் என்கிற கூட்டு வழக்குகள்தான், ஆனால் அடியில் இருக்கும் சட்டம் வேறு.

400 டாலர் வந்தவர்கள் இல்லினாய் மாநிலத்துக்காரர்கள். போட்டோவில் இருப்பது யார் என்று முன்பெல்லாம் ஃபேஸ்புக் தானே பெயர் சொல்லுமே, அதற்காக முக அளவுகளைக் கேட்காமல் எடுத்து வைத்தது என்பதுதான் அங்கே புகார். விரல் ரேகை, முக அளவு போன்றவற்றை எடுக்குமுன் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று அந்த மாநிலம் 2008-லேயே சட்டம் போட்டுவிட்டது. மீறினால் கவனக்குறைவுக்கு 1,000 டாலர், வேண்டுமென்றே செய்திருந்தால் 5,000. உங்களுக்கு என்ன நஷ்டம் என்று நிரூபிக்கவும் தேவையில்லை; 2019-ல் மாநில உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது. லட்சக்கணக்கான பேரை ஆயிரத்தால் பெருக்கிப் பாருங்கள், நிறுவனம் ஏன் 65 கோடி டாலருக்கு இறங்கி வந்தது என்று புரியும். 2022-ல் ஆளுக்கு 397 டாலர் போலக் கிடைத்தது.

30 டாலர் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் வந்தது. ஃபேஸ்புக்கில் இருந்தவர்களின் தகவல் ஒரு செயலி வழியாக அந்தப் பெயர் கொண்ட தேர்தல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன விவகாரம் அது. தொகை அதைவிடப் பெரிது, 72.5 கோடி. ஆனால் 2007 மே முதல் 2022 டிசம்பர் வரை அமெரிக்காவில் கணக்கு வைத்திருந்த யாரும் கேட்கலாம் என்று திறந்துவிட்டார்கள். வக்கீல்களுக்குக் கால் பங்கு போக, மீதியை ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பிரித்துக்கொண்டார்கள்.

இந்த மாதிரி வழக்குகளில் வரும் மின்னஞ்சல் அசல் மோசடிக் கடிதம் போலவே இருக்கும். வேறொரு நிறுவனத்தின் தகவல் கசிவுக்காக எனக்கு வந்ததை நான் அழித்துவிட்டேன். என் மனைவி பூர்த்தி செய்து அனுப்பினாள். 14 டாலர் வந்தது. இங்கே நியூ ஜெர்சியின் எடிசனில் இரண்டு பேர் தோசை சாப்பிடக்கூட அது பற்றாது என்றாலும் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

அப்புறம், ஊரிலிருந்து கேட்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவுக்குத் தகவல் கொடுத்த அந்தச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். நண்பர்கள் பட்டியல் வழியாகத் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் இன்னும் 5,62,120 பேர். 2018-ல் ஃபேஸ்புக்கே சொன்ன கணக்கு இது. இவர்களுக்கு அந்த 72.5 கோடியில் பங்கு கிடையாது. 2023-ல் வந்த நம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம், ஆனால் அது அரசு கஜானாவுக்குத்தான் போகும். இழப்பீடு கேட்க வழிவிட்ட தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்தின் 43ஏ பிரிவையும் அதே சட்டம் நீக்குகிறது.