அலுவலக வேலையாக ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தங்கிவிட்டு, வார இறுதியில் குடும்பத்தையும் அங்கேயே வரவழைக்கலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாக வரவழைக்கலாம். பெங்களூரு போன்ற ஊர்களில் வியாழன்வரை ஏறி நிற்கும் அறை வாடகை, வெள்ளி இரவிலிருந்து பல ஹோட்டல்களில் இறங்கும். ஊட்டி, மாமல்லபுரம் பக்கம் இது நேர்மாறு. சிக்கல் எல்லாம் பில்லில்தான் வரும். அதை செக்-இன் செய்யும்போதே பேசி முடித்துவிடுங்கள். கிளம்பும் அவசரத்தில் கேட்டால் பாதி விஷயம் கைமீறிப் போயிருக்கும்.

கம்பெனி ரேட் பெரும்பாலும் ஒரு அறைக்கு ஒருவர் என்ற கணக்கில் போடப்பட்டது. அதனால் சொந்த நாட்களுக்குத் தனி புக்கிங் போடுங்கள். போட்டதும் இரண்டு கன்ஃபர்மேஷன் எண்களையும் ஹோட்டலுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, அதே அறையைத் தொடரச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் சிஸ்டத்தில் நீங்கள் இரண்டு வேறு விருந்தினர்கள். வெள்ளி பகல் 12 மணிக்குச் சாவி அட்டை வேலை செய்யாது. அடுத்த அறை 2 மணிக்குத்தான். அதுவரை பெட்டியோடு லாபியில் உட்கார வேண்டும்.

அலுவலக நாட்களுக்கே இரண்டு ஃபோலியோ, அதாவது தனித்தனி பில் கணக்கு, கேளுங்கள். வாடகை, வரி, காலை உணவு கம்பெனி ஃபோலியோவில் போகட்டும். லாண்டரி, மினிபார், ஸ்பா எல்லாம் உங்கள் பெயரில். ஒரே பில்லில் கலந்துவிட்டால், அக்கவுண்ட்ஸ் பிரிவு ஒரு சட்டை இஸ்திரிக்காக மொத்த க்ளைமையும் திருப்பி அனுப்பும்.

கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணையும் அப்போதே கொடுத்து, திரையில் ஏறியதா என்று பார்த்துவிடுங்கள். இ-இன்வாய்ஸ், அதாவது அரசு போர்ட்டலில் பதிவாகும் மின்னணு பில், உருவானபின் அதை 24 மணி நேரத்துக்குள்தான் அந்தப் போர்ட்டலில் ரத்து செய்ய முடியும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: அறை வாடகைக்கான ஜிஎஸ்டி, ஹோட்டல் இருக்கும் மாநிலத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்த நிறுவனம், பெங்களூரு ஹோட்டல் போட்ட கர்நாடக வரிக்கு உள்ளீட்டு வரவு எடுக்க முடியாது; அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. எனவே பட்ஜெட் போடும்போது வரியையும் செலவாகவே வையுங்கள்.

சொந்தக் காசு கொடுக்கும் நாட்களில் 7,500 ரூபாய்க் கோட்டைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு இரவு வாடகை 7,500 வரை என்றால் வரி 5 சதவீதம்; அதைத் தாண்டினால் 18. வாடகை 7,500 என்றால் கட்டுவது 7,875. அதுவே 7,600 என்றால் 8,968. நூறு ரூபாய் ஏறியதற்கு 1,093 ரூபாய் கூடுதல்! எல்லைக்குச் சற்று மேலே ரேட் சொன்னால் ரிசர்வேஷனில் பேசிப் பாருங்கள், குறைக்க வாய்ப்பு உண்டு.

டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டு கொடுப்பதே நல்லது. அதில் லிமிட் மட்டும்தான் முடங்கும். டெபிட் கார்டில் கணக்கிலுள்ள பணமே முடங்கும், திரும்ப வர நாளாகும்.

வீட்டார் வரும்போது பெரியவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை வேண்டும். பான் கார்டில் முகவரி இல்லாததால் பொதுவாக ஏற்பதில்லை. குழந்தைக்கு எந்த வயதுவரை காலை உணவு இலவசம் என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து அறைக்குத் திறக்கும் இடைக்கதவு இல்லாத அறையாகவும் கேளுங்கள். எவ்வளவு விலை உயர்ந்த ஹோட்டலானாலும் அந்தக் கதவின் அடி இடுக்கு வழியே பக்கத்து அறை டிவி கேட்கும்.

கிளம்புவதற்கு முந்தைய இரவே பில்லின் நகலை வாங்கிப் பாருங்கள். ரெஸ்டாரன்ட் பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அறைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டால், பெரும்பாலும் அங்கேயே எடுத்துவிடுவார்கள்.