இருபஃதும் நைட்டும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆங்கிலத்தில் ஸ்பெல்லிங் வரவில்லை. அதனால் ஒரே மாதிரி முடிகிற ஐந்தெழுத்துச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறேன். ஐ-ஜி-ஹெச்-டி ஒரு நாள், ஓ-யு-ஜி-ஹெச் ஒரு நாள். ஒப்பிக்கும்போது சரியாகச் சொல்கிறான். டிக்டேஷன் வைத்தால் 'டிலைட்' என்பதை டி-இ-எல்-ஐ-டி-இ என்று எழுதுகிறான். ஐம்பது முறை எழுத வைத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை பட்டியல் கொடுக்கலாம்? போனில் ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை நிறுத்திவிடலாமா? தமிழில் இந்தத் தொல்லையே இல்லையே, ஆங்கிலம் மட்டும் ஏன் இப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வி ஒரு நிமிட வேலை. கடல், அகம், தங்கம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரே க, மூன்று ஒலி. நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ஐம்பது முறைதான். எனக்கும் ஒன்பது வயதில் நடந்தது. 'நைட்' என்பதை என்-ஐ-டி-இ என்று எழுதினேன். ஆசிரியர் நூறு முறை எழுதச் சொன்னார். எழுதினேன், விரல் வீங்கியது. நடுவில் ஜிஹெச் எதற்கு என்று கேட்டேன். "அது சைலன்ட், வாயை மூடு" என்றார். அதே தண்டனையை நாற்பது வருஷம் கழித்து உங்கள் வீட்டில் ஒரு குழந்தை அனுபவிக்கிறான் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எனக்குப் பதில் கிடைத்தபோது முப்பது வயது தாண்டியிருந்தது. உடன் வேலை பார்த்த ஒருவர் ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். மதிய இடைவேளையில் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பழகுவார். எட்டுக்கு வந்ததும் தொண்டையை உரசி 'ஆஃட்' என்றார். இரவுக்கு 'நாஃட்'. வலிமைக்கு 'மாஃட்'. ஆங்கிலத்தின் எய்ட், நைட், மைட் மூன்றும் அங்கே சத்தத்தோடு இருந்தன. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள். பழைய ஆங்கிலத்தில் நைட் என்பது என்-ஐ-ஹெச்-டி. அந்த ஹெச்சை உரசி உச்சரித்தார்கள். பின்னால் வந்த எழுத்தர்கள் அதே ஒலிக்கு ஜிஹெச் என்று எழுதினார்கள். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் தொடங்கினார். அச்சு வந்ததும் எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது, வாய் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. உரசல் தேய்ந்து மறைந்தது, எழுத்து அங்கேயே நின்றுவிட்டது. ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழியில் இன்றும் இரவைத் தொண்டை உரசித்தான் சொல்கிறார்கள்.

இதில் நாம் வியப்பதற்கு என்ன இருக்கிறது? நம்மிடமே இருந்த ஒலிதானே! ஆய்தம். தொல்காப்பியம் மூன்று சார்பெழுத்துகளில் ஒன்றாக வைத்தது. பத்தைப் பஃது என்றும், இருபதை இருபஃது என்றும், ஒன்பதை ஒன்பஃது என்றும் பழைய நூல்களில் பார்க்கலாம். ஒலி போனதும் நாம் எழுத்தையும் எடுத்துவிட்டோம். அவர்கள் ஒலியை விட்டார்கள், எழுத்தை வைத்துக்கொண்டார்கள். எய்ட்டில் இருக்கும் ஜிஹெச், எழுத்தை எடுக்காமல் விட்ட இருபஃது மாதிரி. உங்கள் மகனுக்கு எஃகு தெரிந்திருக்கும். அந்த ஆய்தத்தை அழுத்தி நைட்டின் நடுவில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒருமுறை தொண்டையில் பட்டுவிட்டால் கை மறக்காது.

உங்கள் இரண்டாவது பட்டியலில் இதைவிட அழகான விஷயம் இருக்கிறது. ரஃப், டஃப், காஃப், டோ, பவ். ஐந்தும் ஐந்தெழுத்து, ஐந்தும் ஓ-யு-ஜி-ஹெச்சில் முடிபவை. பிசைந்த மாவு டோ, மரக்கிளை பவ். இந்த இரண்டில் உரசல் அடியோடு போய்விட்டது. மற்ற மூன்றில் அது தொண்டையிலிருந்து உதட்டுக்கு வந்து எஃப் ஒலியாக மாறிவிட்டது. நாமும் இன்று ஆய்தத்தைப் பெரும்பாலும் எதற்குப் பயன்படுத்துகிறோம்? அதே எஃப் ஒலியை எழுதத்தான். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனாலும் ரஃப் என்று தமிழில் எழுதும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

விளையாட்டை நிறுத்தாதீர்கள். அதில் ஆறு வாய்ப்புதான். கடைசி நான்கு இடத்தில் ஐ-ஜி-ஹெச்-டி என்று தெரிந்துவிட்டால் எய்ட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என்று எட்டுச் சொல் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றாகப் போட்டால் வாய்ப்பு தீர்ந்துவிடும். 'ஃபிலிம்ஸ்' என்று போடச் சொல்லுங்கள். எஃப், எல், எம், எஸ் நான்கையும் ஒரே அடியில் சோதித்துவிடலாம். இதை அவனே கண்டுபிடித்தால் இன்னும் நல்லது.

டிலைட்டுக்கு வருகிறேன். அது லைட்டின் உறவே இல்லை. பழைய பிரெஞ்சுச் சொல். தொண்டை உரசல் அதில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பதினாறாம் நூற்றாண்டு வரை டி-இ-எல்-ஐ-டி-இ என்றுதான் எழுதிவந்தார்கள். லைட்டைப் பார்த்து யாரோ ஜிஹெச்சைச் செருகினார்கள், அது ஒட்டிக்கொண்டது. உங்கள் மகன் காதால் கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறான், அதற்குப் போய் ஐம்பது முறை எழுத வைத்திருக்கிறீர்கள். பரீட்சையில் ஜிஹெச் போட்டுத்தான் எழுத வேண்டும், சரி. ஆனால் இன்று ராத்திரி அவன் தூங்குவதற்கு முன்னால் அந்த நோட்டை எடுத்து, நீ எழுதியதும் ஒரு காலத்தில் சரியாக இருந்தது என்று சொல்லிவிடுங்கள். பட்டியலெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.