சராசரி மதிப்பெண்ணும் நல்ல கல்லூரியும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பள்ளி இறுதியாண்டு மாணவி. என் மதிப்பெண்கள் எப்போதும் நடுவில்தான் இருக்கும். கணக்கும் வேதியியலும் கழுத்தைப் பிடிக்கின்றன, உயிரியலிலும் மொழிப்பாடத்திலும் பரவாயில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். பெயர் பெற்ற கல்லூரிகள் கேட்கும் மதிப்பெண்ணைப் பார்த்தால் எதிலும் எனக்கு இடம் கிடைக்காது என்று தெரிகிறது. மற்ற கல்லூரிகளின் விளம்பரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எதை நம்புவது? ஒரு வருடம் காத்திருந்து மறுபடியும் தேர்வு எழுதலாமா என்றும் யோசிக்கிறேன். இதையே நினைத்துக்கொண்டு இரவில் தூக்கம் வருவதில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் நன்றாகத் தூங்குங்கள். நீங்கள் பயப்படும் அளவுக்கு நிலைமை மோசமில்லை. சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, காரணங்களோடு சொல்கிறேன்.

ஒரு கல்லூரிக்குப் பெயர் வருவது பெரும்பாலும் அது யாரைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது என்பதை வைத்துத்தான். அதிக மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்து அவர்களைப் பட்டத்தோடு வெளியே அனுப்பினால், அதில் கல்லூரி சேர்த்தது எவ்வளவு, மாணவர்கள் வரும்போதே கொண்டுவந்தது எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படிப் பிரித்துப் பார்க்க முயன்றவர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். 1976இல் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களின் பிற்கால வருமானத்தை எடுத்துக்கொண்டு, ஒரே தகுதியோடு ஒரே தரமான கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களை ஒப்பிட்டார்கள். பெரிய கல்லூரிக்குப் போனவர்களும், இடம் கிடைத்தும் அதைவிடச் சிறிய கல்லூரிக்குப் போனவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். 2002இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

ஆனால் இதன் மறுபாதியையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரியால் கூடுதல் பயன் இருந்தது. பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்று அவர்களே பின்னர் செய்த ஆய்வு சொல்கிறது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வழி சொல்ல ஒரு மாமாவோ அத்தையோ இருப்பார்கள். அந்தத் தொடர்புகளை மற்றவர்களுக்குக் கல்லூரிதான் தர வேண்டியிருக்கிறது. நீங்கள் முதல் தலைமுறை மாணவி. ஆகவே "எந்தக் கல்லூரியானாலும் ஒன்றுதான், நீ நன்றாகப் படித்தால் போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்குக் கல்லூரித் தேர்வு மற்றவர்களைவிடக் கூடுதல் முக்கியம். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

என் பதில்: நடுவில் இருக்கிற மாணவரை அந்தக் கல்லூரி கவனிக்கிறதா என்று பாருங்கள். முதல் வரிசையில் இருப்பவர்கள் எங்கே போனாலும் கவனிக்கப்படுவார்கள். நடுவில் இருப்பவர்கள்தான் யார் கண்ணிலும் படாமல் மூன்று நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டு வெளியே வருகிறார்கள். நான் பல வருடங்கள் கல்லூரியில் பாடம் நடத்தியவன். இந்த வீணடிப்பைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

கவனித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் நல்ல சான்று. 2003இல் அங்கே மாணவர்கள் பட்டம் பெறும் விகிதம் 32 சதவீதம்தான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது 50 சதவீதத்தைத் தாண்டியது. கெட்டிக்கார மாணவர்களாகப் பார்த்துச் சேர்த்து அதைச் சாதிக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகள் அங்கே முன்பைவிட அதிகமாகத்தான் சேர்ந்தார்கள். மாணவர் ஒருவர் முக்கியமான பாடத்தில் சறுக்கினாலோ, தன் பட்டத்துக்குத் தேவையில்லாத பாடத்தை எடுத்தாலோ, உடனே ஆலோசகருக்குத் தகவல் போகும்படி செய்தார்கள். ஆலோசகர் அந்த மாணவரைத் தாமே கூப்பிட்டுப் பேசினார். கட்டணத்தில் சிறு பாக்கிக்காகப் படிப்பை விட்டுவிடும் நிலையில் இருந்தவர்களுக்கு அந்தத் தொகையைப் பல்கலைக்கழகமே கொடுத்தது. நீங்கள் பார்க்கப் போகும் கல்லூரியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்தே கிடைக்கிறது: முதலாண்டில் ஒரு பாடத்தில் தோற்றுப்போன மாணவருக்கு இங்கே என்ன நடக்கும்? "நன்றாகப் படிக்கச் சொல்லுவோம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். யார் பேசுவார், எந்த வாரத்தில், கூடுதல் வகுப்பு உண்டா என்று விவரமாகச் சொன்னால் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள்.

அடுத்தது ஆசிரியர்கள். 2014இல் அமெரிக்காவின் கேலப் என்ற கருத்தாய்வு நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் சேர்ந்து 30,000க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தின. எந்த வகைக் கல்லூரியில் படித்தார்கள் என்பது அவர்கள் இன்று வேலையில் காட்டும் ஈடுபாட்டோடு அதிகம் தொடர்புபடவில்லை. தன்மேல் அக்கறை காட்டிய ஆசிரியர், பாடத்தில் ஆர்வத்தை மூட்டிய ஆசிரியர், கனவுகளுக்குத் துணை நின்று ஊக்கம் கொடுத்தவர் ஆகிய மூன்றும் வாய்த்தவர்களிடம் அந்த ஈடுபாட்டுக்கான வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் இருந்தது. மூன்றும் வாய்த்தது என்று உறுதியாகச் சொன்னவர்கள் 14 சதவீதம்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிற துறையை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி, இரண்டாமாண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்ப்பது. சில துறைகளில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சரிக்குறி இருக்கும், கடைசியில் ஒரு சுருக்கொப்பமும் தேதியும். பல பக்கங்களில் ஒரே தேதி இருந்தால், ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் புரட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். இன்னும் சில நோட்டுகளில், வரைபடத்தின் ஓரத்தில் "அச்சில் அலகு எங்கே?" என்று கேட்டிருக்கும். கீழே "மூன்றாவது அளவீடு மட்டும் ஏன் விலகிப் போயிருக்கிறது? திரும்பச் செய்து பார்த்துவிட்டு வந்து சொல்" என்று எழுதியிருக்கும். அடுத்த பக்கத்தில் அந்த மாணவர் திரும்பச் செய்ததும் இருக்கும். அந்த நோட்டு நடுத்தர மாணவருடையதாக இருந்தால், நீங்கள் தேடும் துறை அதுதான். உயிரியல், மொழிப்பாடம், கணக்கு எதுவானாலும் இந்தச் சோதனை பொருந்தும். திருத்தித் திரும்பி வந்த கட்டுரையோ தேர்வுத்தாளோ இருந்தால் போதும். கல்லூரி அலுவலகம் ஏற்பாடு செய்து அனுப்பும் மாணவரிடம் கேட்காதீர்கள். நூலகத்திலோ வாசலிலோ நிற்கிற யாரையாவது நீங்களாகவே கேளுங்கள். சக மாணவி என்று தெரிந்தால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள்.

கூடவே ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். ஆண்டுதோறும் ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருக்கும் துறையில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நேரம் கிடைக்காது. பின்னாளில் பரிந்துரைக் கடிதம் எழுதவும் ஆள் இருக்கமாட்டார்கள். பழைய மாணவர்கள் வந்து பேசும் வழக்கம் உண்டா, விடுமுறையில் பயிற்சி வேலைக்குக் கல்லூரி ஏற்பாடு செய்கிறதா என்று கேட்பதும் உங்களைப் போன்ற முதல் தலைமுறை மாணவிக்கு அவசியம். மேலே சொன்ன தொடர்புகள் அந்த வழியாகத்தான் வரும்.

தரவரிசைப் பட்டியல்களைப் பார்க்கலாம், ஆனால் அவற்றையே நம்பி முடிவெடுக்காதீர்கள். கொலம்பியா பல்கலைக்கழகம் அமெரிக்கப் பட்டியல் ஒன்றில் இரண்டாம் இடத்தில் இருந்தது. அது கொடுத்த புள்ளிவிவரங்கள் சரியில்லை என்று அங்கேயே பணிபுரியும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் 2022இல் எழுதினார். சில தகவல்கள் தவறானவை என்று பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு வந்த பட்டியலில் அது 18ஆம் இடத்துக்கு இறங்கியது. அங்கே படித்த மாணவர்களுக்கு இதனால் ஒரு வகுப்புக்கூட மாறவில்லை.

விளம்பரங்களில் வரும் "நூறு சதவீத வேலைவாய்ப்பு" பற்றி ஒன்றே ஒன்று: எத்தனை பேரில் நூறு சதவீதம் என்று கேளுங்கள். சேர்ந்தவர்களிலா, தேர்ச்சி பெற்றவர்களிலா, நேர்காணலுக்குப் பெயர் கொடுத்தவர்களில் மட்டுமா? உச்சச் சம்பளத்தைப் பெரிதாகப் போடுவார்கள். அது ஒருவருக்குக் கிடைத்தது. வரிசையில் நடுவில் இருக்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது என்பதே உங்களுக்கு வேண்டிய தகவல்.

இனி உங்கள் மதிப்பெண் பட்டியலுக்கு வருகிறேன். மொத்தத்தை மறந்துவிட்டுப் பாடவாரியாகப் பாருங்கள். கணக்கும் வேதியியலும் இழுத்துப் பிடிப்பதால்தான் உங்கள் மொத்தம் நடுவில் நிற்கிறது. உயிரியலும் மொழியும் உங்களுக்குக் கைகொடுக்கின்றன. வேதியியல் இல்லாமல் உயிரியல் பட்டம் நகராது என்பதால் அந்த ஒரு பாடத்தில் உங்களுக்குத் துணை வேண்டும். முதலாண்டு வேதியியலுக்குக் கூடுதல் வகுப்பு நடத்தும் கல்லூரிகளைத் தேடிப் பிடியுங்கள். உளவியல், மொழியியல், இதழியல் என்று மொழித்திறன் உதவும் துறைகளின் பாடத்திட்டத்தையும் வாங்கிப் படித்துப் பாருங்கள். பெரிய கல்லூரியில் உங்களுக்குப் பிடிக்காத பாடத்தில் ஓர் இடம் மிச்சமிருக்கிறது என்று அழைத்தால் போகாதீர்கள். பிடித்த பாடத்தில் நன்றாகச் செய்தால், மேற்படிப்புக்கு அந்தப் பெரிய இடத்துக்கே விண்ணப்பிக்கலாம். அப்போது பள்ளி மதிப்பெண்ணைவிடப் பட்டப்படிப்பில் நீங்கள் செய்த வேலைக்கே எடை அதிகம்.

ஒரு வருடம் காத்திருப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேர்வு நேரத்தில் உடல்நலமில்லாமல் இருந்தாலோ, வீட்டில் துக்கம் நடந்திருந்தாலோ, மறுபடியும் எழுதுவதில் பொருள் உண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. பல வருடங்களாக ஒரே நிலையில் இருக்கும் மதிப்பெண், வீட்டில் தனியாக உட்கார்ந்து அதே புத்தகங்களைப் புரட்டுவதால் பெரிதாக ஏறிவிடாது. தோழிகள் எல்லாம் முன்னே போய்விட்டார்கள் என்ற எண்ணம் வேறு மனத்தை அரிக்கும். என் யோசனை, காத்திருக்க வேண்டாம் என்பதுதான்.

இந்த வாரம் மூன்று கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் துறைத்தலைவருக்கு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். உங்கள் மதிப்பெண்களை மறைக்காமல் சொல்லுங்கள், வேதியியலில் தடுமாறும் மாணவிக்கு அங்கே என்ன உதவி உண்டு என்று கேளுங்கள், ஒருநாள் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். யார் பதில் எழுதுகிறார்கள், என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பதில்களைச் சேர்ந்து படிப்போம்.