மரக்கன்னு குடுத்தா வைத்தியம்

கே: சார், என் பொண்ணுக்கு டாக்டரும் ஆகணுமாம், காட்டையும் காப்பாத்தணுமாம். ரெண்டும் நடக்குற காரியமா?

ப: ஏன் நடக்காது? கினாரி வெப்னு ஒரு அமெரிக்க அம்மா, 1993-ல ஸ்டூடண்ட்டா இந்தோனேசியாவுல போர்னியோ தீவுல இருக்குற குனுங் பாலுங் தேசியப் பூங்கா மழைக்காட்டுக்கு உராங்குட்டான் ஆராய்ச்சிக்குப் போனவங்க, அங்க மரம் வெட்டுறவன் எல்லாம் பேராசைல வெட்டல, வைத்தியச் செலவுக்கு வேற வழியில்லாமலும் வெட்டுறான்னு பாத்துட்டு, ஊருக்குப் போய் யேல் யூனிவர்சிட்டில டாக்டருக்குப் படிச்சு மறுபடி அங்கயே வந்துட்டாங்க. வந்ததும் ஊசி போட ஆரம்பிக்கல, ஊர் ஊரா உக்காந்து ‘உங்களுக்கு என்ன வேணும்’னு கேட்டாங்க (எனக்குப் பிடிச்சதே இதுதான்). 2007-ல அந்தக் காட்டுப் பக்கத்துல சுகாதனாங்கிற ஊர்ல கிளினிக். காசு இல்லையா, மரக்கன்னு குடு, முடைஞ்ச பாய் குடு, சாணி உரம்கூட ஓகே. மரம் வெட்டாத ஊருக்கு பீஸ்ல தள்ளுபடி வேற! பத்து வருஷக் கணக்கைப் பாத்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு 2020-ல வந்துச்சு, மத்த பூங்காக்களோட ஒப்பிட்டா காடழிப்பு 70 சதவீதம் குறைவாம். மரம் அறுக்குற மிஷினைக்கூட விலைக்கு வாங்கிட்டு, வேற தொழிலுக்குக் கைகுடுத்தாங்க. பொண்ணுகிட்ட பயாலஜிய விட்றாதன்னு சொல்லுங்க.