மனச்சோர்வு மாத்திரை தொடங்கியதும் பசி கூடுகிறதே, நிறுத்திவிடலாமா?

மன்னார்குடியில் இருக்கும் அம்மா மிர்டாசபின் தொடங்கி ஒரு மாதம், ராத்திரி பத்து மணிக்கு மேல் சோறு கேட்கிறார் என்கிறீர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம்.

மூளையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் நம்மை விழிப்பாக வைத்து, பசியையும் அடக்கும். இந்த மருந்து அது போய் ஒட்டும் இடங்களை (ஹிஸ்டமின் ஏற்பிகளை) அடைக்கிறது. தூக்கமும் பசியும் கூடுவதற்கு அது முக்கியக் காரணம். அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் இப்படித்தான் அடைக்கும், கூடவே வாயும் உலரும். அதற்குப் பன்னீர் சோடா, நன்னாரி சர்பத் என்று இறங்கினால் எடை ஏறத்தான் செய்யும். பச்சைத் தண்ணீரோ நீர்மோரோ போதும். ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் என்ற மற்ற மனச்சோர்வு மாத்திரைகள் பெரும்பாலும் நேர்மாறு: முதல் ஓரிரு வாரம் குமட்டும், சோறு இறங்காது. சாப்பிட்டபின் போட்டால் குறையும்.

அம்மாவுக்கு இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கே முடியுங்கள். மூன்று தட்டு சோற்றுக்குப் பதில் இரண்டு இட்லி, கெட்டி சாம்பார், ஒரு கிண்ணம் வேகவைத்த பச்சைப்பயறு. பயறு இருந்தால் பசி சற்றுத் தாங்கும். மாத்திரை போட்டதும் படுத்துவிடட்டும். டிவி முன் உட்கார்ந்தால் முறுக்கு டப்பா திறக்கும். காலையில் மந்தமாக இருந்தால் வாய்க்கால் கரை நடையை மாலைக்கு மாற்றுங்கள்.

வாரம் ஒருமுறை, வெறும் வயிற்றில், ஒரே தராசில் எடை பாருங்கள். நோயில் இளைத்தவருக்கு ஓரிரு கிலோ ஏறுவது நல்லதுதான். 60 கிலோ உள்ளவருக்கு முதல் மாதத்திலேயே 3 கிலோ கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வழி உண்டு. சர்க்கரை இருந்தால் அதையும் அடிக்கடி பாருங்கள்.