கேள்வி - பதில்: தொய்யும் ஃபால்ஸ் சீலிங்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 600 × 600 மி.மீ. டைல் போட்ட ஃபால்ஸ் சீலிங், விளக்குகள் உள்ள இடங்களில் தொய்கிறது. கம்பியை இறுக்கினால் போதுமா?

பதில்: போதாது. முதலில் டீ சட்டத்தின் (டைல்களைத் தாங்கும் T வடிவ உலோகச் சட்டம்) ஓரமாக நூல் பிடித்துப் பாருங்கள். சட்டம் நேராக இருந்து டைல் மட்டும் வளைந்திருந்தால் பெரும்பாலும் ஈரப்பதம்தான் காரணம். டைலை மாற்ற வேண்டும். சட்டமே இறங்கியிருந்தால், விளக்கின் எடை கிராஸ் டீ (குறுக்குச் சட்டம்) மேல் விழுகிறது. விளக்குக்கெனத் தனிக் கம்பி கட்டவில்லை என்று பொருள். கனமான விளக்கை நான்கு மூலைகளிலும் கம்பி கட்டி நேராக மேலே உள்ள கான்கிரீட் தளத்திலிருந்து தொங்கவிடுங்கள்.

மெயின் டீ (முதன்மைச் சட்டம்) வரிசைகள் 1200 மி.மீ. இடைவெளியில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 1200 மி.மீ.க்கு ஒரு தொங்கு கம்பி. 2.7 மி.மீ. கால்வனைஸ்டு கம்பி நல்லது. முடிச்சில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்: 75 மி.மீ. நீளத்துக்குள் மூன்று முழுச் சுற்று இறுக்கமாக வர வேண்டும். குறைந்தால் அதிர்விலும் எடையிலும் மெல்ல நழுவும்.

ஏசி டக்ட், குழாய், கேபிள் டிரே எதிலும் கம்பி கட்டவே கூடாது. டக்ட் குறுக்கே வந்தால் அதன் இருபுறமும் கம்பி இறக்கி, இடையே உலோகச் சேனல் வைத்து அதிலிருந்து தொங்கவிடுங்கள். கம்பியைச் சாய்த்துக் கட்டினால் சட்டம் பக்கவாட்டில் இழுபட்டு மூட்டுகள் விரியும். தளத்தில் பிளாஸ்டிக் பிளக் வேண்டாம், தீயில் உருகிவிடும். உலோக ஆங்கர் (தளத்தில் துளையிட்டுப் பொருத்தும் பிடிப்பான்) மட்டுமே போடுங்கள்.